தமிழ்ப் புத்தகத்தை லேடெக்கில் கோப்பது: கொம்பு இடம் மாறுவது முதல் அச்சகத்துக்குக் கொடுப்பது வரை

கேள்வி இதுதான்: வேர்டில் தட்டிய 300 பக்கத் தமிழ் நூல் ஒன்றை டெமி அளவில், கட்டளைகளால் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளைக் கொண்டு அச்சுக்குத் தயாரிக்க வேண்டும். முயன்று பார்த்ததில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது, வரிகள் ஓரத்தைத் தாண்டி நீள்கின்றன, பிடிஎஃபில் தேடினால் சொல் அகப்படுவதில்லை. எங்கே பிழை, எந்த வரிசையில் சரிசெய்வது?

மூன்றும் மூன்று இடங்களில் பிறக்கும் கோளாறுகள். கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம் எழுத்துருவை அழைத்த விதம். வரி நீள்வதற்குக் காரணம் சொல் முறிப்பு. தேடல் தோற்பதற்குப் பாதிக் காரணம் மூல உரையில் இருக்கிறது, மீதி பிடிஎஃப் உருவாகும் முறையில் இருக்கிறது. இவற்றில் உரையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உரை கெட்டிருந்தால் மற்ற இரண்டையும் எப்படித் திருத்தினாலும் எங்கோ ஒரு பக்கத்தில் மறுபடி தலைகாட்டும்.

ஒரு குறிப்பு: கட்டளைப் பெயர்களை ஒலிப்பு வழியே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், முன்னால் பின்சாய்கோட்டுடன் தட்டுங்கள்.

உரையைப் பிரித்தெடுப்பது

வேர்டு கோப்பை அப்படியே லேடெக்குக்குள் வெட்டி ஒட்டாதீர்கள். அடிக்குறிப்புகள் அறுந்துபோகும், தலைப்புக்கும் பத்திக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். பாண்டாக் என்ற மாற்றியைக் கொண்டு வேர்டு கோப்பை மார்க்டவுனாக, அதாவது தலைப்பையும் அழுத்தத்தையும் எளிய குறிகளால் காட்டும் வெற்றுரையாக, மாற்றுங்கள். ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட கட்டற்ற கருவி அது. அடிக்குறிப்புகளை அப்படியே கொண்டுவந்துவிடும். மாற்றும்போது 'ராப்' விருப்பத்துக்கு 'நன்' என்று கொடுங்கள். இல்லையென்றால் 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடக்கிவிடும், பிறகு தேடுவதும் ஒப்பிடுவதும் தொல்லை. வேர்டில் தலைப்புகளை 'ஹெடிங்' ஸ்டைலில் போடாமல் வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிக்க வைத்திருந்தால், பாண்டாக் அவற்றைத் தடித்த பத்தி என்றே எடுத்துக்கொள்ளும். அந்த வரிகளுக்கு முன்னால் நீங்களே தலைப்பைக் காட்டும் ஹேஷ் குறி (#) இட வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, 01, 02 என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டு கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் மாற்றியபின் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்தவை, ஆகவே உரை உண்மையில் தமிழே இல்லை. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரமாக்கியது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. ஆனாலும் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் பழைய குறியீட்டுக் கோப்புகள் இன்னும் ஏராளம். அந்தக் குறியீட்டுக்கு உரிய மாற்றியைக் கொண்டு முதலில் யூனிகோடாக மாற்றுங்கள். கட்டுரை நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சேர்ந்து தமிழாகிச் சிதைந்திருக்கும், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் மீட்க வேண்டும்.

இப்போது கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். யூனிகோடில் இருப்பதாலேயே உரை சுத்தம் என்று எண்ண வேண்டாம். திரையில் ஒரே மாதிரி தெரியும் சொற்கள் உள்ளே வேறு வேறாக இருக்கலாம்.

'அவர்கள்' என்ற சொல்லில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் இருக்கும்: 'அவா்கள்'. பழைய குறியீட்டிலிருந்து மாற்றிய உரைகளில் இது மிகப் பரவலான பிழை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடலில் அகப்படாது, சொல் முறிப்பு விதிகளும் குழம்பும். துணைக்காலுக்கு மேல் புள்ளி வருவது தமிழில் எந்தச் சொல்லிலும் இல்லை. ஆகவே இதை நூல் முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றலாம், ஆபத்து இல்லை.

ஔகாரம் அப்படியல்ல. 'கௌதமன்' என்பதைக் கொம்பும் ளகரமுமாகக் 'கெளதமன்' என்று தட்டியிருப்பார்கள். ஆனால் 'கெளுத்தி' மீனில் உள்ளது உண்மையான ளகரம். 'ஒளவை' தவறு, 'ஒளி' சரி. ஒரே வீச்சில் மாற்றினால் நல்ல சொற்கள் கெடும். கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கட்டளையால் 'கெள', 'மெள', 'பெள', 'ஒள' என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, பட்டியலைப் பார்த்துச் சொல் சொல்லாக மாற்றுங்கள். ஒரு நூலில் இத்தகைய சொற்கள் அதிகம் இருக்காது.

'கொ' போன்ற எழுத்துகளை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமமாகவே கருதுகிறது, ஆனால் எளிய தேடல் கருவிகள் அப்படிக் கருதுவதில்லை. குறியீட்டை மாற்றும் யூகான்வ் கட்டளையைக் கொண்டு எல்லாக் கோப்புகளையும், ஒரே குறியாகச் சேமிக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் முடிந்தது. 'ஸ்ரீ' எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. எதையாவது ஒன்றைத் தேர்ந்து நூல் முழுக்க அதையே வையுங்கள். நூலின் கடைசியில் வரும் சொல் அடைவான பொருளடைவில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருவதற்கு இது ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற பிரிப்பான் குறி இன்னொன்று. 'ரிக்‌ஷா'வில் கூட்டெழுத்து உருவாகாமல் தடுக்க அது வேண்டும். கைப்பேசி விசைப்பலகைகள் வேண்டாத இடங்களிலும் அதை நுழைத்துவிடுகின்றன. க் என்பதற்கும் ஷ என்பதற்கும் நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள்.

மார்க்டவுனா, நேரடி லேடெக்கா?

நாவல், கட்டுரைத் தொகுப்பு என்றால் மார்க்டவுனில் வைத்துக்கொண்டு பாண்டாக் வழியே லேடெக்குக்குக் கொண்டுபோவது போதும். கவிதை, அட்டவணை, சமன்பாடு, விரிவான பொருளடைவு என்றால் நேரடியாக லேடெக்கில் எழுதுங்கள். இரண்டையும் ஒருசேரப் பராமரிக்க முயலாதீர்கள். பாண்டாக் உருவாக்கிய லேடெக் கோப்பைக் கையால் திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் மூலம். மார்க்டவுனுக்குத் திரும்பினால் திருத்தங்கள் எல்லாம் போகும்.

மார்க்டவுனில் தமிழ் எழுதுவோர் அடிக்கடி சிக்கும் இடம்: பத்தி '1947.' என்று எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கினால் அது பட்டியல் ஆகிவிடும். புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இடுங்கள். வரித் தொடக்கத்தில் நான்கு வெற்றிடம் விட்டால் நிரல் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். கவிதை வரிகளை இப்படித் தள்ளி எழுதியவர்களுக்கு அந்தப் பக்கம் வேறு எழுத்துருவில் கட்டம் கட்டமாக வரும். கவிதைக்கு வரி முன்னால் செங்குத்துக் கோடு இடும் வசதி பாண்டாக்கில் இருக்கிறது.

நேரடி லேடெக்கில் கவனிக்க வேண்டியது சதவீதக் குறி. 'விலையில் 50% கழிவு உண்டு' என்று எழுதினால் அச்சில் 'விலையில் 50' மட்டும் வரும். லேடெக்கில் அந்தக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் உள்ள அனைத்தும் குறிப்புரை, எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரு பத்தியை ஒரே வரியாகச் சேமித்திருந்தால் பத்தியின் மீதி முழுவதும் மறையும். மற்ற சிறப்புக் குறிகள், அதாவது ஆம்பர்சாண்டு, ஹேஷ், டாலர், அடிக்கோடு ஆகியவை பெரும்பாலும் பிழை காட்டி நிற்கும், அதனால் பயமில்லை. சதவீதக் குறியை மட்டும் கம்பைல் செய்வதற்கு, அதாவது பிடிஎஃப் உருவாக்க ஓட்டுவதற்கு, முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். பாண்டாக் வழியே போனால் இதை அதுவே கவனித்துக்கொள்ளும்.

உரையை வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதி வைப்பது நல்ல பழக்கம். லேடெக்குக்கும் மார்க்டவுனுக்கும் வெற்று வரிதான் பத்தி முடிவு, ஒற்றை வரி மாற்றம் வெறும் இடைவெளி. மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் வைத்துத் திருத்தங்களைப் பார்க்கும்போது எந்த வாக்கியம் மாறியது என்று சட்டென்று தெரியும். மெய்ப்புத் திருத்துபவரோடு வேலை செய்யும்போது இதன் அருமை புரியும்.

எஞ்சினும் எழுத்துருவும்

எஞ்சின் என்பது உங்கள் கோப்பைப் படித்துப் பிடிஎஃபாக அமைக்கும் நிரல். லேடெக்குக்கு அடிப்படையான டெக் 1978இல் டொனால்டு க்னூத் உருவாக்கியது. லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். அந்தக் காலத்து எஞ்சினின் வழிவந்த பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு உதவாது. அதற்கு ஓர் எழுத்துருவில் 256 இடம்தான், கொம்பை முன்னுக்குக் கொண்டுவரும் வேலையும் தெரியாது. பாண்டாக்கும், இணையத்தில் லேடெக் ஓட்டும் ஓவர்லீஃபும் வேறு சொல்லாதவரை பிடிஎஃப்லேடெக்கைத்தான் அழைத்து வந்திருக்கின்றன. யூனிகோடு எழுத்து அமைக்கப்படவில்லை என்ற பிழைச் செய்தி வருவது அதனால்தான். பாண்டாக்கில் பிடிஎஃப் எஞ்சின் விருப்பத்திலும், ஓவர்லீஃபில் கம்பைலர் தெரிவிலும் எஞ்சினை மாற்றுங்கள்.

இரண்டு தெரிவுகள். ஜோனதன் க்யூ 2004இல் வெளியிட்ட ஸீடெக் ஒன்று, லுவாடெக் மற்றொன்று. டெக்ஸ்லைவ் என்ற லேடெக் தொகுப்பின் 2020 பதிப்பிலிருந்து லுவாலேடெக்குக்குள் (லுவாடெக் மேல் ஓடும் லேடெக்) ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்து வடிவங்களைச் சரியான வரிசையில் கோக்கும் நிரல் நூலகம் சேர்ந்தே வருகிறது. உலாவிகள் தமிழைக் காட்டுவதற்குப் பயன்படுத்தும் அதே நூலகம் அது. புதிதாகத் தொடங்குவோருக்கு லுவாலேடெக்கைப் பரிந்துரைக்கிறேன். வேகம் குறைவு, ஆனால் சொல் முறிப்பிலும் பிடிஎஃப் தேடலிலும் வேலை மிச்சம். முதல்முறை ஓட்டும்போது எழுத்துருப் பட்டியல் கட்டுவதற்குச் சில நிமிடம் எடுக்கும். உறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கொம்புப் பிரச்சினைக்கு விடை இங்கே. எழுத்துருவை அழைக்கும் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் செட்மெயின்ஃபான்ட் கட்டளைக்குள் எழுத்துருப் பெயரை மட்டும் கொடுத்தால், இது எந்த எழுத்துமுறை என்று எஞ்சினுக்குத் தெரியாது. வருகிற வரிசையிலேயே வடிவங்களை அடுக்கும், 'கெ' என்பதில் ககரம் முதலில், கொம்பு பின்னால். விருப்பப் பகுதியில் 'ஸ்கிரிப்ட்' என்பதற்குத் 'தமிழ்' என்று, ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டுக் கொடுக்க வேண்டும். லுவாலேடெக்கில் 'ரெண்டரர்' என்பதற்கு 'ஹார்ஃப்பஸ்' என்றும் கொடுங்கள். மொழி அமைப்புகளைக் கவனிக்கும் பேபல் பேக்கேஜின் பேபல்ஃபான்ட் கட்டளையைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்டை அதுவே சேர்த்துக்கொள்ளும், ரெண்டரரை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். தலைப்புக்கு வேறு எழுத்துரு வைத்தால் அதற்கும் இதே விருப்பங்கள் வேண்டும். உடல் சரியாகவும் தலைப்பு சிதைந்தும் வந்தால் அங்கே மறந்திருக்கிறீர்கள்.

நோட்டோ செரிஃப் தமிழ் நூல் உடலுக்கு நன்றாக நிற்கும். கணினியில் நிறுவிய பெயரைச் சொல்லி அழைப்பதைவிட, எழுத்துருக் கோப்புகளை நூலின் கோப்புறையிலேயே வைத்து 'பாத்' விருப்பத்தில் இடத்தைச் சொல்லுங்கள். வேறு கணினியில் எழுத்துருவின் வேறு பதிப்பு இருந்தால் வரி முறிவுகள் மாறும், பக்க எண்கள் நகரும். தடிமன் மாறக்கூடிய ஒற்றைக் கோப்பைத் தவிர்த்து, சாதாரணம், தடித்தது என்று தனித்தனியாக உள்ள கோப்புகளை எடுங்கள். மாறும் தடிமன் கோப்பைக் கையாள்வதில் ஸீடெக் நம்பத்தக்கதல்ல.

தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்ந்த வடிவம் கிடையாது. அழுத்தம் தரும் எம்ஃப் கட்டளை அல்லது மார்க்டவுனில் ஒற்றை உடுக்குறி இட்டால், ஓட்டத்தின் செய்திகள் பதிவாகும் லாக் கோப்பில் எச்சரிக்கை எழுதிவிட்டு நேர் எழுத்திலேயே அச்சாகும், அழுத்தம் காணாமல் போகும். செயற்கையாகச் சாய்க்கும் வசதி இருக்கிறது. தமிழின் வட்ட வடிவங்கள் அதில் விழப்போவது போல நிற்கும், வேண்டாம். எம்ஃப் கட்டளையைத் தடித்த எழுத்தாக மறுவரையறை செய்யுங்கள், அல்லது நூற்பெயர்களுக்கு மேற்கோள் குறி இடுங்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் விருப்பத்தையும் தொடாதீர்கள். கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டுத் தள்ளிப்போகும்.

நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தனி எழுத்துரு வையுங்கள். ஒரே பாயின்ட் அளவில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலச் சிறிய எழுத்து சிறிதாகவும் தெரிவது வழக்கம், ஆங்கிலப் பெரிய எழுத்தோ துருத்தி நிற்கும். சிற்றெழுத்து உயரத்தைத் தானாகப் பொருத்தும் விருப்பம் தமிழுக்குப் பொருளற்றது. 'ஸ்கேல்' என்பதற்கு எண்ணாகவே கொடுத்து, அச்சிட்ட தாளில் பார்த்து முடிவு செய்யுங்கள். லுவாலேடெக்கில் ஆங்கில எழுத்து வந்ததும் எழுத்துருவைத் தானாக மாற்றும் 'ஆன்கேர்' வசதி பேபலில் உண்டு, ஒவ்வொரு சொல்லையும் குறியிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் அந்த இடம் வெறுமையாகவோ கட்டமாகவோ வரும், கம்பைல் நிற்காது. டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் மதிப்பை 3 என்று வைத்தால் அது பிழையாகி நிற்கும். 2021 முதல் உள்ள வசதி. நூல் முடியும்வரை அதை வைத்திருங்கள்.

வரி ஏன் நீள்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்க் கோப்பில் பக்கத்தின் அழகைத் தீர்மானிப்பது இதுதான். டெக் ஒரு பத்தியை வரி வரியாக அடுக்குவதில்லை. பத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டு, எங்கெங்கே முறித்தால் மொத்தத்தில் இடைவெளிகள் சீராக இருக்கும் என்று கணக்கிடுகிறது. க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருந்தால், மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளப் பத்து இடைவெளியாவது கிடைக்கும். டெமி அளவில் 11 பாயின்ட் தமிழில் ஆறேழு சொற்கள்தான் வரும், ஐந்தாறு இடைவெளி. 'கொண்டிருக்கவேண்டியிருந்தது' போன்ற ஒரு சொல் வரிக்கடைசியில் வந்துவிட்டால், அதை முறிக்க வழி தெரியாத எஞ்சின் ஓரத்தைத் தாண்டி விட்டுவிட்டு, லாக்கில் 'ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்' என்று எழுதும்.

ஆகவே சொல் முறிப்பு தமிழுக்கு அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை. டெக்கின் முறிப்பு விதித் தொகுப்பில் தமிழுக்கும் விதிகள் உள்ளன. அவை புள்ளி வைத்த மெய்க்கு முன்னால் முறிப்பதில்லை, பின்னால் முறிக்கும். ஆகவே 'ப்' வரியின் தொடக்கத்தில் வராது. லாக்கில் தமிழுக்கு முறிப்பு விதிகள் ஏற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் இந்திய மொழிகளுக்கான ஹைஃபன் பேக்கேஜ் நிறுவப்படவில்லை என்று பொருள். உபுண்டுவில் 'டெக்ஸ்லைவ் லாங் அதர்' தொகுப்பில் அது வருகிறது. ஷோஹைஃபன்ஸ் கட்டளைக்குள் நாலைந்து நீண்ட சொற்களைக் கொடுத்தால், எங்கெங்கே முறியும் என்று லாக்கில் காட்டும்.

அடுத்தது, முறிவின் இரு பக்கமும் குறைந்தது எத்தனை எழுத்து நிற்க வேண்டும் என்ற அளவு. லெஃப்ட்ஹைஃபன்மின், ரைட்ஹைஃபன்மின் என்று இரண்டு எண்கள். இவை நாம் எண்ணும் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு குறியை எண்ணுகின்றன. 'கொடுக்கிறார்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எட்டு எழுத்து: கொ, டு, க், கி, றா, ர், க, ள். எஞ்சினுக்குப் பதினைந்து குறி, ஏனெனில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். இடது எல்லை 2 என்றால் 'கொ' மட்டும் தனியாக வரிக்கடைசியில் நிற்கலாம். வலது எல்லை 3 என்றால் 'கள்' மட்டும் அடுத்த வரிக்கு இறங்கலாம், அதற்குச் சரியாக மூன்று குறி. பத்தியின் கடைசி வரியில் 'கள்.' என்று மட்டும் நிற்பது பார்க்கப் பரிதாபம். இடது 4, வலது 5 என்று வைத்தால் 'கொடுக்' நிற்கும், 'றார்கள்' இறங்கும். இந்த எண்களை மொழிப் பேக்கேஜின் வழியாகவே கொடுங்கள். வெறுமனே முன்பகுதியில் எழுதினால், தமிழ் தேர்வாகும்போது பேக்கேஜ் தன் எண்ணை மேலே எழுதிவிடும்.

முறிந்த இடத்தில் இணைப்புக்கோடு வேண்டுமா? தமிழ் நூல்களில் கோடு இல்லாமல் முறிப்பதே பெருவழக்கு. இணைப்புக்கோட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு ஃபான்ட்ஸ்பெக்கில் 'ஹைஃபன்கேர்' விருப்பத்துக்கு 'நன்' கொடுப்பவர்கள் உண்டு. அது கோட்டை நீக்காது, முறிப்பையே நிறுத்திவிடும். உங்கள் வரிகள் நீள்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். லுவாலேடெக்கில் பிரிஹைஃபன்கேர் மதிப்பை 0 ஆக்கினால் முறிப்பு நடக்கும், கோடு வராது. இந்த மதிப்பு மொழிவாரியாகச் சேமிக்கப்படுவது. தமிழ் தேர்வான பிறகு கொடுத்தால்தான் தமிழுக்குப் பொருந்தும், முன்பே கொடுத்தால் ஆங்கிலத்தின் கோடு மறையும். ஸீலேடெக்கில் நேர்வழி இல்லை, ஹைஃபன்கேர் விருப்பத்துக்கு அகலமற்ற குறி ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தக் குறி எழுத்துருவில் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில வரிகள் நீளும். இடைவெளிகளைக் கூடுதலாக நீள விடும் எமர்ஜென்சிஸ்ட்ரெச் அளவை 3 எம் என்று வையுங்கள், சீரற்ற இடைவெளியை எவ்வளவு பொறுப்பது என்ற டாலரன்ஸை 200லிருந்து 1000 அளவுக்கு உயர்த்துங்கள். ஸ்லாப்பி கட்டளையை நூல் முழுவதற்கும் போடாதீர்கள். அது டாலரன்ஸை 9999 ஆக்கிவிடும், சொற்களுக்கிடையே பெரிய பெரிய ஓட்டைகள் விழும், எச்சரிக்கையும் வராது. டாக்குமென்ட் கிளாசில் 'டிராஃப்ட்' விருப்பம் கொடுத்தால் நீளும் வரிகளின் ஓரத்தில் கறுப்புக் கட்டை தெரியும். கடைசியில் மிஞ்சும் சிலவற்றை வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றியோ, பின்சாய்கோடும் சிறுகோடும் இட்டு முறியும் இடத்தைக் காட்டியோ தீர்க்கலாம்.

எண்ணும் அலகும், முதலெழுத்தும் பெயரும் பிரியக் கூடாத இடங்களில், 'ரூ. 500', 'தி. ஜ.' போன்றவற்றில், இடைவெளிக்குப் பதில் டில்டே குறி (~) இடுங்கள். முதலெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் நிற்காது.

பக்க அமைப்பு

டெமி என்று அச்சகங்கள் சொல்லும் அளவு ஏறக்குறைய 5.5க்கு 8.5 அங்குலம். ஜியாமெட்ரி பேக்கேஜில் தாள் அகலம் 140 மிமீ, உயரம் 216 மிமீ, உள் ஓரம் 20, வெளி ஓரம் 16, மேல் 20, கீழ் 22 என்று தொடங்குங்கள். 300 பக்கப் பசைக்கட்டு நூல் முழுதாக விரியாது, உள் ஓரத்தை இதற்குக் குறைத்தால் வரித் தொடக்கம் மடிப்புக்குள் போகும். வெட்டிய அளவை அச்சகத்தில் மிமீயில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இடத்துக்கு இடம் ஓரிரு மிமீ மாறும்.

புக் கிளாசில் 11 பாயின்ட் தெரிவுக்கு இயல்பான வரி இடைவெளி 13.6 பாயின்ட். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே புள்ளியும் கொக்கிகளும், கீழே 'ஞூ', 'கு' போன்றவற்றின் சுழிகளும் இருப்பதால் வரிகள் முட்டிக்கொள்ளும். லைன்ஸ்பிரெட்டை 1.18 ஆக்கினால் ஏறத்தாழ 16 பாயின்ட் கிடைக்கும், நோட்டோ செரிஃபுக்கு அது பொருந்தும். ஜியாமெட்ரியில் 'ஹைட்ரவுண்டட்' விருப்பத்தையும் சேருங்கள், உரைப் பகுதியின் உயரம் முழு வரிகளாக அமையும். மேலே சொன்ன அளவுகளில் பக்கத்துக்கு 31 வரி. அது இல்லாவிட்டால் அரை வரி மிச்சம் விழுந்து, எதிரெதிர்ப் பக்கங்களின் கடைசி வரிகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். தலைப்பகுதி உயரம் போதவில்லை என்று, பக்கத் தலைப்பை அமைக்கும் ஃபேன்சிஹெடர் எச்சரித்தால் ஹெட்ஹைட்டை 16 பாயின்ட் ஆக்குங்கள்.

பத்தியின் ஒற்றை வரி பக்க உச்சியிலோ அடியிலோ தனியாக விழுவதைத் தடுக்க விடோபெனால்டி, கிளப்பெனால்டி இரண்டையும் 10000 ஆக்கலாம். ஆக்கினால் சில பக்கங்கள் ஒரு வரி குறையும். நூல் முழுவதும் திருத்தி முடிந்த பிறகு, அப்படிக் குறையும் இடத்துக்கு முந்தைய நீண்ட பத்தி ஒன்றில் லூஸ்னெஸ் மதிப்பை 1 அல்லது -1 ஆக்கிப் பாருங்கள். பத்தி ஒரு வரி கூடவோ குறையவோ செய்யும். எட்டுப் பத்து வரிக்கு மேற்பட்ட பத்திதான் இதற்கு இணங்கும். இதைத் திருத்த வேலை நடக்கும்போதே செய்யத் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

பொருளடைவு

லேடெக்கின் வழக்கமான அடைவுக் கருவியான மேக்இண்டெக்ஸ் தமிழை வரிசைப்படுத்தாது. யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினாலும் தவறுதான்: அந்த வரிசையில் நகரத்துக்கு அடுத்து னகரம் வருகிறது, ரகரத்துக்கு அடுத்து றகரம், வகரத்துக்கு முன்பே ழகரம். நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி. அப்மெண்டெக்ஸ் என்ற கருவி ஐ.சி.யூ. நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்துகிறது. அதன் ஸ்டைல் கோப்பில் லொக்கேலாகத் தமிழின் ஈரெழுத்துக் குறியைக் கொடுங்கள். துணைநூற்பட்டியலுக்கு பைபர் பயன்படுத்தினால் அங்கேயும் 'சார்ட்லொக்கேல்' விருப்பத்தில் அதையே கொடுக்கலாம்.

'பொருளடக்கம்', 'இயல்' போன்ற தானாக வரும் தலைப்புகள் பேபலில் உள்ளபடி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் செட்லொக்கேல்கேப்ஷன் கட்டளையால் மாற்றலாம். பொருளடக்கத்தின் பக்க எண்கள் சரியாக வர ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓட்ட வேண்டும். லேடெக்எம்கே கருவியிடம் விட்டால் தேவையான அளவு அதுவே ஓட்டும்.

தேடக்கூடிய பிடிஎஃப்

'கொ' அச்சில் மூன்று வடிவங்கள்: கொம்பு, ககரம், கால். பிடிஎஃபில் வடிவங்கள் அந்த வரிசையிலேயே பதிவாவதால், நகலெடுத்தால் சிதைந்து வரும், தேடினால் அகப்படாது. இதற்காகவே 'ஆக்சுவல் டெக்ஸ்ட்' என்ற குறிப்பைப் பிடிஎஃபுக்குள் வைக்கலாம், இந்த வடிவங்களின் உண்மையான உரை இது என்று சொல்லும் குறிப்பு. லுவாலேடெக்கின் ஹார்ஃப்பஸ் முறை இதைத் தானாகவே எழுதுகிறது. ஸீலேடெக்கில் ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட் மதிப்பை 1 ஆக்க வேண்டும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும். கொம்பும் காலும் உள்ள ஒரு சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். மின்னூலாகவும் வெளியிடுவதாக இருந்தால் இது கட்டாயம். அதைத் திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு இந்தக் குறிப்பு இல்லையேல் நூலே இல்லை.

அச்சகத்துக்கு

பிடிஎஃபில் சொடுக்கும் இணைப்புகளை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் பயன்படுத்தினால் அச்சுக் கோப்பில் 'ஹைட்லிங்க்ஸ்' கொடுங்கள், இல்லையென்றால் வண்ணக் கட்டங்களோ வண்ண எழுத்தோ தெரியும். உரை முழுவதும் தனிக் கறுப்பில் இருக்க வேண்டும். படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ, கறுப்புவெள்ளை நூலென்றால் சாம்பல்நிலைக்கு மாற்றியபின் சேருங்கள். பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எல்லா எழுத்துருவுக்கும் நேரே உட்பொதிந்தது என்ற நிரலில் 'ஆம்' இருக்கிறதா என்று பாருங்கள். பக்க ஓரம்வரை படம் போகிறதென்றால் மட்டும் சுற்றிலும் 3 மிமீ கூடுதல் வேண்டும், வெறும் உரைக்குத் தேவையில்லை.

மொத்தப் பக்கம் பாரக் கணக்கில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் கணக்கில், 16இன் மடங்காக வருவது சிக்கனம். 300 என்று முடிந்தால் 304 ஆக்க நான்கு பக்கம் வெற்றாகவோ விளம்பரமாகவோ சேர்ப்பார்கள். இயல்கள் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற புக் கிளாசின் இயல்பை 'ஓப்பன்எனி' கொடுத்து மாற்றினால், இயல் எண்ணிக்கையைப் பொறுத்துப் பத்துப் பக்கம்வரைகூட மிச்சமாகலாம். மொத்த நூலுக்கும் ஒப்புதல் தருவதற்கு முன், எழுத்துரு மாறும் பக்கம், அடிக்குறிப்பு நிறைந்த பக்கம், படம் உள்ள பக்கம் ஆகியவற்றை நூலுக்கு ஓடும் அதே தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். திரையில் சரியாகத் தெரியும் 11 பாயின்ட், மை உறிஞ்சும் தாளில் ஒரு சுற்று தடித்துத் தெரியும். அப்போது அளவைக் குறைக்காதீர்கள், தடிமன் குறைந்த எழுத்துருக் கோப்புக்கு மாறுங்கள். அளவைக் குறைத்தால் 'ணை', 'னை' போன்றவற்றின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும்.